மெலிசானி குகை ஏரி: சிறிது நேரப் படகுப் பயணத்துக்காகக் கிரேக்க நாட்டின் கெஃபலோனியா தீவின் மறுகரை வரை செல்லலாமா?

தாராளமாகச் செல்லலாம், ஆனால் நண்பகலில் செல்லுங்கள், அதற்கு முன் காலையில் தீவின் மேற்குப் பக்கத்து அர்கொஸ்டோலி ஊருக்கு வெளியே உள்ள கட்டவோத்ரெஸ் கடற்கரையைப் பார்த்துவிடுங்கள்.

நண்பகலை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. சாமி துறைமுகத்துக்கு அருகில் நிலத்துக்கடியில் இருக்கும் இந்த ஏரிக்கு மேலே குகையின் கூரை ஓரிடத்தில் இடிந்து விழுந்திருப்பதால், சூரியன் உச்சிக்கு வரும்போதுதான் ஒளி நேராக நீருக்குள் இறங்கி அதை நீலமாகச் சுடரச் செய்கிறது. நான் அமர்ந்திருந்த துடுப்புப் படகு வெயில் விழும் இடத்துக்கு வந்தபோது, அதன் நிழல் வெகு ஆழத்தில் இருந்த பாறைகளின் மேல் நகர்வதைத் தெளிவாகக் காண முடிந்தது. கூரை மூடிய உட்பகுதியில் இருள்தான். அங்கே சொட்டும் நீரால் உருவான கசிதுளிப் பாறைகளைப் பார்த்துவிட்டுப் படகு திரும்பிவிடும்.

கட்டவோத்ரெஸ் கரையில் கடல்நீர் பாறைப் பிளவுகளுக்குள் புகுந்து மறைந்துகொண்டே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த ஓட்டத்தைக் கொண்டு அங்கே ஆலைச் சக்கரத்தையே சுழற்றியிருக்கிறார்கள். உள்ளே போகும் நீர் எங்கே செல்கிறது என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. 1963-இல் ஆஸ்திரிய நிலவியலாளர்கள் அதில் சாயத்தைக் கலந்துவிட்டுக் காத்திருக்க, ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து அது தீவின் கிழக்குப் பக்கத்தில் மெலிசானியிலும் அதை அடுத்த கரவோமிலோஸ் குளத்திலும் வெளிப்பட்டது. சுண்ணாம்புப் பாறைக்குள் மழைநீரோடு கலந்து தீவையே குறுக்காகக் கடந்து வருவதால்தான் ஏரி நீர் லேசாக உப்புக் கரிக்கிறது. இதை அறிந்து படகில் ஏறுபவருக்கு அந்த நீலம் வெறும் அழகாக மட்டும் தெரியாது என்பது என் உறுதியான எண்ணம்.

குகையில் நடந்த அகழாய்வில் பழைய கிரேக்கர்களின் மேய்ச்சல் தெய்வமான பானின் சுடுமண் உருவமும், வனதேவதைகளைக் காட்டும் பொருள்களும் கிடைத்திருப்பதால், பழங்காலத்தில் இது வழிபாட்டிடமாக இருந்ததென்று கருதுகிறார்கள்.

ஏரியில் நீந்த அனுமதி இல்லை. கோடையில் நண்பகலையொட்டி வரிசை நீளும் என்பதால் சற்று முன்னதாகவே போய் நின்றுவிடுங்கள். கரவோமிலோஸ் குளத்தை அதன் பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.