ஆறேழு மைல்தானே என்று கிளம்பாதீர்கள்: அப்பலாச்சியன் டிரெயில் கேள்வி-பதில்

ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலை வரை, 14 மாநிலங்களைக் கடந்து ஏறத்தாழ 2,200 மைல் ஓடுகிறது இந்தக் காட்டுப் பாதை. அதில் சுமார் 72 மைல் நாம் வாழும் நியூ ஜெர்சியில் இருக்கிறது. குளிர் விட்டு மரங்கள் துளிர்த்தாலே கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். கேட்டிருப்பவர்கள் எல்லாரும் காலையில் போய் மாலையில் வீடு திரும்ப நினைப்பவர்கள், பதில்களும் அவர்களுக்கானவைதான்.

சன்ஃபிஷ் பாண்ட் ஏரிக்குப் போய்வர ஏழரை மைல் என்கிறார்கள். நான் தினமும் பார்க்கில் மணிக்கு மூன்றரை மைல் நடப்பவன். மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பினால் போதுமா? (எடிசன்)

போதாது. பார்க் நடையின் வேகம் மலையில் செல்லாது. ஸ்காட்லாந்து மலையேறி நைஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு ஒன்று இருக்கிறது: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். நடை தொடங்கும் டன்ஃபீல்டு ஓடையிலிருந்து இந்த ஏரிக்கு ஏறக்குறைய ஆயிரம் அடி ஏற்றம். அந்தக் கணக்குப்படி மூன்று மணி நேரம் வரும். ஆனால் ஏரி இருக்கும் கிட்டட்டினி மலை முகட்டில் வழி நெடுகக் கல். ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டும். சாப்பாடு, ஓய்வு எல்லாம் சேர்த்து ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

அனுபவத்தில் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஓர் அக்டோபர் கடைசியில், நண்பர்கள் மூவரோடு இதே ஏரிக்கு மதியத்துக்குப் பிறகுதான் கிளம்பினேன். திரும்பி வரும் வழியில் காட்டுக்குள் இருட்டிவிட்டது. உதிர்ந்த இலைகள் கணுக்கால் உயரத்துக்குப் பாதையை மூடிக் கிடந்தன. அடியில் இருப்பது கல்லா பள்ளமா என்று தெரியவில்லை. நாலு பேருக்கும் சேர்த்துச் சார்ஜ் இருந்தது ஒரே ஒரு போனில். முன்னால் போகிறவர் நாலடி வைப்பார், நின்று திரும்புவார், பின்னால் வருபவர்களின் காலடிக்கு வெளிச்சம் காட்டுவார், மறுபடி நாலடி. கடைசி ஒன்றரை மைலுக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. அதிலிருந்து, வண்டியை விட்டு இறங்கும்போதே திரும்பும் நேரத்தை முடிவு செய்துவிடுகிறேன். பன்னிரண்டரை என்றால் பன்னிரண்டரைதான். ஏரி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்பிவிடுவேன். பகலிலேயே வந்துவிடுவோம் என்று தோன்றினாலும் தலையில் மாட்டும் விளக்கு ஒன்று ஆளுக்கு ஆள் பையில் இருக்கட்டும்.

வார இறுதியில் காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். அதற்குப் பிறகு பார்க்கிங் கிடைப்பது கஷ்டம். ஏரியில் குளிக்க அனுமதியில்லை. அதைப் பார்க்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: பனியாறு குடைந்து உண்டாக்கிய ஏரி அது. 1960-களில் மின் திட்டம் ஒன்றுக்கு அதை நீர்த்தேக்கமாக்கப் பார்த்தார்கள். சாதாரண ஜனங்கள்தான் எதிர்த்து நின்றார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸே 1967-இல் அவர்களோடு ஏரி வரை நடந்தார்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். இருவரும் 65 தாண்டியவர்கள், அம்மாவுக்கு மூட்டு வலி. "ஸ்டேர்வே டு ஹெவன்" கூட்டிப்போகலாமா? (பார்சிப்பனி)

வேண்டாம். பெயரில் படிக்கட்டு இருக்கிறதே தவிர, அது கோயில் படி மாதிரிச் சீராக இருக்காது. வவயாண்டா மலையின் பக்கவாட்டில் கற்களை அடுக்கிய செங்குத்து ஏற்றம். ஒன்றரை மைலுக்குள் சுமார் 900 அடி ஏறுகிறது. மூட்டு வலிக்காரர்களை ஏற்றத்தைவிட இறக்கம்தான் அதிகம் வதைக்கும்.

அதே அப்பலாச்சியன் பாதையில், அந்த ஏற்றம் இருக்கும் வெர்னன் ஊரிலேயே, 517-ஆம் எண் சாலையிலிருந்து தொடங்கும் போச்சக் பலகைப் பாதைக்குக் கூட்டிப்போங்கள். சதுப்பு நிலத்துக்கு மேலே முக்கால் மைலுக்கும் கூடுதலாகப் பலகை போட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் தொண்டர்களின் உழைப்பு. தரை மட்டமாக இருக்கும். நடுவில் ஒரு தொங்கு பாலம். இருபுறமும் சம்பங்கோரை, அதன் நுனியில் தோளில் சிவப்புப் பட்டை போட்ட கரும்பறவைகள் உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கும். அப்பா அங்கேயே நின்றுவிடுவார் பாருங்கள். அலுப்புத் தட்டியதும் திரும்பிவிடலாம். எதையும் எட்டியாக வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. மழை பெய்த மறுநாள் மட்டும் வேண்டாம், பலகை வழுக்கும்.

மரத்தில் வெள்ளை, நீலக் கோடுகள் இருக்கின்றனவே?

இரண்டு அங்குல அகலம், ஆறு அங்குல உயரத்தில் வெள்ளைப் பட்டை இருந்தால் அது அப்பலாச்சியன் டிரெயில். நீலம் கிளைப் பாதை: தண்ணீருக்கோ, தங்குமிடத்துக்கோ, காட்சி முனைக்கோ போகும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வெள்ளைப் பட்டை இருந்தால் திருப்பமோ சந்திப்போ வருகிறது, கவனி என்று அர்த்தம். வெகு நேரமாகப் பட்டையே கண்ணில் படவில்லையா? மேற்கொண்டு போகாதீர்கள். கடைசியாகப் பார்த்த பட்டை வரைக்கும் வந்த வழியே திரும்புங்கள்.

உண்ணிக்குப் பயந்து என் மனைவி பிள்ளைகளை அனுப்ப மாட்டேன் என்கிறார். அவ்வளவு ஆபத்தா? (பிளெயின்ஸ்போரோ)

அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வீட்டில் அடைந்து கிடப்பது இதற்குத் தீர்வில்லை. கரடியைப் பற்றிப் பத்துப் பேர் கேட்கிறார்கள், உண்ணியைப் பற்றி ஒருவர்தான் கேட்கிறார். இங்கே அதிகம் பேருக்குத் தொல்லை தருவது உண்ணிதான்.

லைம் என்ற பாக்டீரியா நோயைப் பரப்புவது கருங்கால் உண்ணி. வளர்ந்தது எள் அளவு இருக்கும். மே முதல் ஜூலை வரை மும்முரமாகத் திரியும் அதன் குஞ்சு கசகசா அளவுதான். ஒருமுறை என் முழங்காலுக்குப் பின்மடிப்பில் மச்சம் என்று நினைத்துத் தடவினேன். மச்சத்துக்குக் கால் இருந்தது.

கிளம்புமுன் காலணிக்கும் பேன்ட்டுக்கும் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்தை அடித்துக் காயவையுங்கள். அது துணிக்கு மட்டும். தோலுக்கு டீட் அல்லது பிக்காரிடின் கலந்த பூச்சிவிரட்டி. பேன்ட்டின் அடியைச் சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள். பாதையின் நடுவிலேயே நடக்கச் சொல்லுங்கள், ஓரப் புல்லில்தான் உண்ணி தொற்றக் காத்திருக்கும். வீடு வந்ததும் உடுப்பை டிரையரில் அதிகச் சூட்டில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். குளிக்கும்போது காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள், அக்குள், தொப்புள், இடுப்புப் பட்டை, முழங்கால் மடிப்பு என்று தேடிப் பாருங்கள்.

கடித்திருந்தால் தீக்குச்சி, வாஸ்லீன் எதுவும் வேண்டாம். கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு மேல் கடித்துக்கொண்டிருந்தால்தான் நோய்க்கிருமி உடலுக்குள் போகும். அதனால் அன்றைக்கே தேடி எடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூன்று நாளுக்குள் டாக்டரிடம் கேட்டால், தேவைப்பட்டால் தடுப்பாக ஒரு வேளை மாத்திரை தருவார். இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன்: லைம் நோயின் அடையாளமாகப் படங்களில் காட்டும் சிவப்பு வளையம் நம் மாநிறத் தோலில் அவ்வளவு தெளிவாகத் தெரியாது, அடிபட்டுக் கன்றிய இடம் போலவும் இருக்கலாம். அடுத்த ஒரு மாதத்தில் காய்ச்சல், அசதி, மூட்டு வலி வந்தால் தடிப்பு தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள். காட்டுக்குப் போனதை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.

புளியோதரை கொண்டுபோனால் வாசனைக்குக் கரடி வருமா?

இங்கே இருப்பது கருங்கரடி; மனிதச் சத்தம் கேட்டால் பெரும்பாலும் விலகிவிடும். புளியோதரை, தாராளமாக. மூடியுள்ள டப்பாவில் போட்டுப் பைக்குள் வையுங்கள், பையைத் தனியே விட்டுவிட்டுப் போகாதீர்கள், ஆரஞ்சுத் தோல் உட்பட எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவாருங்கள். ஒருவர் வீசிய சோற்றில் ருசி கண்ட கரடி, அடுத்து வருபவரின் பையைத் தேடி வரும். கடைசியில் உயிரை விடுவது அந்தக் கரடிதான்.

எதிரே வந்துவிட்டால் ஓடாதீர்கள். பிள்ளைகளை அருகில் இழுத்துக்கொண்டு, நிமிர்ந்து நின்று, நிதானமான குரலில் பேசியபடி பின்னால் நகருங்கள். அதற்கு வழி விடுங்கள். அபூர்வமாகத் தாக்க வந்தால் கருங்கரடியிடம் செத்தவர் போல் படுக்கக் கூடாது. கையில் கிடைத்ததைக் கொண்டு எதிர்க்க வேண்டும்.

கார் இல்லாமல் போக முடியுமா? (ஜெர்சி சிட்டி)

முடியும். நியூயார்க்கின் பாலிங் ஊருக்குப் பக்கத்தில் "அப்பலாச்சியன் டிரெயில்" என்ற பெயரிலேயே மெட்ரோ-நார்த் புறநகர் ரயில் நிறுத்தம் இருக்கிறது. பாதை தண்டவாளத்தையே கடக்கிறது. வார இறுதியில், அதுவும் சில வண்டிகள்தான் நிற்கும். திரும்பும் வண்டியின் நேரத்தை முதலில் பார்த்துவிட்டு நடையைத் திட்டமிடுங்கள்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. வழியில் கழிவறை?

கூச்சப்பட ஒன்றுமில்லை, பெண்கள் பலர் இதற்காகவே தண்ணீர் குடிக்காமல் நடந்து தலை சுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். தங்குமிடங்களை ஒட்டிப் பெரும்பாலும் கழிப்பிடம் உண்டு. இல்லாத இடத்தில், பாதையிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் 200 அடி தள்ளிப் போய், ஆறு முதல் எட்டு அங்குலம் குழி தோண்டி, வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள். காகிதத்தையும் நாப்கினையும் புதைக்காமல் ஜிப் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். ஒரு சின்னக் கைக் கரண்டியும் இரண்டு ஜிப் பையும் பையில் இருந்தால் போதும்.

எங்கள் சங்கத்திலிருந்து நாற்பது பேர், கிரில், ஸ்பீக்கர் எல்லாம் எடுத்துக்கொண்டு வருகிறோம். யோசனை உண்டா?

இரண்டாகப் பிரியுங்கள், வேறு வேறு இடத்தில் தொடங்குங்கள். பகல் நடைக்கு ஒரு குழுவில் 25 பேருக்கு மேல் கூடாது என்பது இந்தப் பாதைக்கான வழிகாட்டுதல்; சிறு பிள்ளைகள் இருந்தால் பத்துப் பேரே எனக்கு அதிகமாகத் தோன்றும். கடைசியில் வருபவர் யார் என்று முன்பே ஒருவரை நியமியுங்கள், அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. நியூ ஜெர்சிப் பகுதியில் தீ மூட்டத் தடை இருப்பதால் கிரில் திட்டத்தை விட்டுவிடுங்கள். ஸ்பீக்கர் காரிலேயே இருக்கட்டும்.