சென்னைக்கு மூன்று நாள்: 15,000 ரூபாய் போதுமா?

கேள்வி: திருநெல்வேலியிலிருந்து வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் சென்னையைச் சுற்றிப் பார்க்கப் போகிறோம். நான், கணவர், ஒன்பது வயது மகன், 63 வயது மாமியார். போக வர ரயில். எல்லாவற்றுக்கும் சேர்த்து 15,000 ரூபாய் எடுத்துவைத்திருக்கிறோம். போதுமா? மாமியாருக்கு டிக்கெட்டில் சலுகை உண்டா?

பதில்: தாராளமாகப் போதும், ரூம் விஷயத்தில் ஏமாறாமல் இருந்தால்.

டிக்கெட்டை முதலில் முடித்துவிடுவோம். ஸ்லீப்பரில் ஆளுக்கு 400 ரூபாய் சுமார். நால்வருக்கும் போக வர 3,200. மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகையை ரயில்வே 2020 மார்ச்சில் நிறுத்தியது, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஆனால் 45 வயதைக் கடந்த பெண்களுக்கு, இடம் இருந்தால், கீழ் பெர்த் கிடைக்கும். மாமியாரின் வயதைச் சரியாகப் பதிவு செய்யுங்கள். பையனுக்கு பெர்த் வேண்டாம் என்றால் அரை டிக்கெட்தான். ஆனாலும் ராத்திரி முழுக்க உங்கள் காலடியில் அவன் சுருண்டு கிடக்க வேண்டுமா? முழு டிக்கெட்டே எடுங்கள். 60 நாளைக்கு முன்பே முன்பதிவு திறந்துவிடும். தட்கல் வரை தள்ளிப்போட்டால் விலையும் கூடும், உறுதியான டிக்கெட்டை ரத்து செய்தால் காசும் திரும்பாது.

இப்போது ரூம். தெற்கிலிருந்து வருகிற பலர் பணத்தைக் கோட்டைவிடுவது இங்கேதான். இரவு வண்டி உங்களைக் காலை ஆறு, ஏழு மணிக்கு எழும்பூரில் இறக்கிவிடும். ஆப்பில் பார்த்த ஓட்டலில் 'செக்-இன் பகல் 12 மணி' என்று போட்டிருப்பார்கள். மாமியாரையும் பையனையும் வைத்துக்கொண்டு ஐந்து மணி நேரம் வரவேற்பறை நாற்காலியில் உட்கார முடியுமா? "இப்பவே ரூம் வேணும்னா ஒரு நாள் வாடகை சேர்த்துக் கொடுங்க" என்பார்கள். குளிக்கவும் பல் துலக்கவும் 2,000 ரூபாய்!

அதனால் 24 மணி நேரக் கணக்கு உள்ள லாட்ஜாகத் தேடுங்கள். எழும்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே கென்னட் லேன் பக்கம் லாட்ஜுகள் நிறைய உண்டு. போனில் கேட்க வேண்டியவை: எத்தனை மணிக்கு வந்தாலும் அங்கிருந்து 24 மணி நேரமா? நாலு பேர் தங்கலாமா, கூடுதல் மெத்தைக்கு எவ்வளவு? சொல்கிற வாடகை ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா? 2025 செப்டம்பர் 22 முதல் நாளுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு வரி 5 சதவீதம்தான். யாராவது பழைய 12 சதவீதத்தைப் போட்டால் பில்லைக் காட்டிக் கேளுங்கள்.

வெள்ளி காலை ஏழு மணிக்கு ரூம் எடுத்தால் ஞாயிறு காலை ஏழு மணி வரை இரண்டே வாடகை. பிறகு காலி செய்துவிட்டு, பைகளைப் பூட்டி ஸ்டேஷன் கிளோக் ரூமில் போட்டுவிடுங்கள். பூட்டில்லாத பையை வாங்க மாட்டார்கள். டிக்கெட்டையும் காட்ட வேண்டும். இரவு ரயில் வரை கையை வீசிக்கொண்டு சுற்றலாம்.

2,000 ரூபாய் ரூம் என்றால் இரண்டு நாளுக்கு வரியோடு 4,200. சாப்பாடு நாளுக்கு 1,300 வீதம் 3,900. உள்ளூர்ப் பயணத்துக்கு 1,200. டிக்கெட்டோடு கூட்டினால் 12,500. மிச்சம் 2,500 நுழைவுக் கட்டணத்துக்கும் அவசரத்துக்கும். தி.நகரில் துணி எடுக்கும் பணத்தை இதோடு கலக்காதீர்கள், தனிப் பர்ஸில் வையுங்கள்.

உள்ளூர்ப் பயணம் 1,200-க்குள் அடங்குமா என்றால், அடங்கும். மாநகரப் பேருந்தில் சாதாரணக் கட்டண வண்டிகளில் உங்களுக்கும் மாமியாருக்கும் இலவசம். முன்னும் பின்னும் பிங்க் வண்ணம் அடித்த வண்டியாகப் பார்த்து ஏறுங்கள். வண்டலூர் பூங்காவுக்கு எழும்பூரிலிருந்தே மின்சார ரயில் போகிறது, ஆளுக்குப் பத்து ரூபாய் அளவில்தான். மெட்ரோவில் போனிலேயே கியூஆர் டிக்கெட் எடுத்தால் 20 சதவீதம் குறைவு. ஆட்டோவுக்கு அரசு 2013-ல் வைத்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. அந்தக் கணக்கில் இன்று ஆட்டோ கிடைப்பது அபூர்வம். ஆப்பில் விலை பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

இன்னொன்று: எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதைச் சனிக்கிழமைக்கு வையுங்கள்.

கேள்வி: ரயிலில் இடமில்லை. பஸ்ஸில் போனால் செலவு கூடுமா?

பதில்: கூடும். 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் இறங்குவீர்கள். அங்கிருந்து எழும்பூர் சுமார் முப்பது கிலோமீட்டர். விடிகாலையில் தூக்கக் கலக்கத்தோடு டாக்ஸி பிடித்தால் இன்னொரு பஸ் டிக்கெட் காசு போய்விடும். உள்ளேயே மாநகரப் பேருந்து கிடைக்கும், அதில் ஏறுங்கள். ஆம்னி பஸ் என்றால் பண்டிகை, தொடர் விடுமுறை நாட்களில் விலை எகிறும். முதலில் அரசு விரைவுப் பேருந்தைப் பாருங்கள்.

கேள்வி: போன முறை சென்னையில் ஒரு ரெஸ்டாரன்டில் பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' 10 சதவீதம் போட்டார்கள். கட்டித்தான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. பில்லில் அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஓட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. ஜிஎஸ்டி வேறு, அதைக் கட்டத்தான் வேண்டும். சர்வீஸ் சார்ஜை எடுத்துவிட்டுப் புது பில் தரச் சொல்லுங்கள். சர்வருக்கு டிப்ஸ் கொடுக்க நினைத்தால் அவர் கையிலேயே கொடுங்கள். சர்வீஸ் சார்ஜை நீக்க மறுத்தால் பில்லைப் போட்டோ எடுத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யுங்கள். தமிழிலேயே பேசலாம்.