மார்பில் பெயர் இல்லாத ஜேர்சி

அன்புள்ள அக்கா,

நான் லண்டனுக்கு வந்து 30 வருடமாகிறது. ஊர் யாழ்ப்பாணக் கரையோரம். கோயிலடி மைதானத்தில் வெறுங்காலோடு பந்தடித்து வளர்ந்தவன். இங்கே வந்த இரண்டாம் வருடமே ஒரு பிறீமியர் லீக் அணியைப் பிடித்துக்கொண்டேன். மகனை ஏழு வயதிலிருந்து மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். இப்போது அவனுக்கு 20. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். போன மாதம் அவனுடைய வங்கிக் கணக்கு விபரம் தற்செயலாகக் கண்ணில் பட்டது. ஒரே தவணைக்குள் 3,400 பவுண்ஸ் ஒன்லைன் பந்தயத்துக்குப் போயிருக்கிறது. பாதிக்கு மேல் மாணவர் கடனாக வந்த காசு. கேட்டால், "அப்பா, எனக்கு ஃபுட்போல் தெரியும். இது சூது இல்லை. கடைசி மூன்று கிழமைதான் பிழைச்சுப் போச்சு" என்கிறான். நானும் சனிக்கிழமைகளில் கூட்டாளிகளோடு இரண்டு பவுண்ஸ் போடுகிறவன்தான். அவனுடைய 18ஆவது பிறந்தநாளன்று முதல் பந்தயத்தை விளையாட்டாக நானே போட்டுக் கொடுத்தேன். எங்கள் அணி நெஞ்சில் பந்தயக் கம்பனியின் பெயரைப் போட்டுக்கொண்டு ஓடுகிறது. மைதானத்தைச் சுற்றி மின்பலகை முழுக்க அதுவே. கழகங்கள் எங்களை விற்றுவிட்டன என்றுதான் நினைக்கிறேன். மகனுடைய கடனை நான் கட்டட்டுமா? மைதானத்துக்குப் போவதை விடட்டுமா? மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை. அவர் உங்கள் பத்திரிகையைத் தவறாமல் வாசிப்பவர். என் பெயரைப் போட்டுவிடாதீர்கள்.

ஒரு தகப்பன், லண்டன்

தம்பி,

உங்கள் பெயரைப் போடவில்லை. அணியின் பெயரையும் எடுத்துவிட்டேன். 2024–25 பருவத்தில் பிறீமியர் லீக்கின் 20 அணிகளில் 11 அணிகள் நெஞ்சில் பந்தயக் கம்பனியின் பெயரோடுதான் ஆடின. அந்தப் பதினொன்றில் எதை எழுதினாலும் உங்கள் கடிதம் அப்படியே பொருந்தும்.

"எனக்கு ஃபுட்போல் தெரியும்" என்று பிள்ளை சொன்னதை நான் பலமுறை வாசித்தேன். அவன் பொய் சொல்லவில்லை. ஏழு வயதிலிருந்து உங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தவன். எந்தப் பின்கள வீரர் காயத்தோடு ஆடுகிறார், எந்த அணி கடைசி இருபது நிமிடத்தில் களைத்துப்போகும் என்றெல்லாம் அவனுக்குத் தெரியும். அந்த அறிவு உண்மை. அந்த அறிவை வைத்துப் பந்தயத்தில் வெல்லலாம் என்பதுதான் பிழை. அதை அவனுக்கு ஒரு கடதாசியும் பேனையும் எடுத்துக் கணக்காகக் காட்டுங்கள். திட்டினால் ஏறாது. கணக்கு ஏறும்.

ஒரு ஆட்டத்தில் இரண்டரை கோலுக்கு மேலா, கீழா என்று பந்தயம் இருக்கிறது. இரண்டுக்கும் சரிபாதி வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். நேர்மையான விலை 2.00, ஒரு பவுண் போட்டால் இரண்டு பவுண்ஸ் திரும்பி வர வேண்டும். கம்பனி இரண்டு பக்கத்துக்கும் 1.90 தான் போடும். பத்துப் பென்ஸ் என்ன பெரிய காசா என்று தோன்றும். இப்போது உங்கள் மகன் விரும்புகிற மாதிரி ஐந்து ஆட்டங்களை ஒன்றாகக் கோர்த்துப் போடுங்கள். ஐந்தும் சரிவர 32இல் ஒரு வாய்ப்பு. பத்துப் பவுண்ஸ் போட்டால் 320 வர வேண்டும். 1.90ஐ ஐந்து தரம் பெருக்கிப் பாருங்கள்: வருவது 247 பவுண்ஸ் 61 பென்ஸ். வென்ற நாளில்கூட 72 பவுண்ஸுக்கு மேல் அவனுக்குத் தெரியாமலே பிடித்துக்கொண்டார்கள். எத்தனை ஆட்டத்தைக் கோர்க்கிறானோ அத்தனைக்கு அந்த வெட்டு ஆழமாகும். அதனால்தான் கோர்த்துப் போடச் சொல்லித் திரும்பத் திரும்ப இலவசப் பந்தயமும் மேலதிக வெகுமதியும் போனுக்கு அனுப்புகிறார்கள். நீங்கள் கரையூர்க்காரர், இரை எதற்கென்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்லுங்கள். உண்மையிலேயே அறிவால் தொடர்ந்து வெல்கிறவர்களை இந்தக் கம்பனிகள் வைத்திருக்காது. அவர்கள் போடக்கூடிய தொகையைச் சில பவுண்ஸாக, சில வேளை பென்ஸாகக் குறைத்துவிடும். பிரித்தானியாவில் பந்தயம் பிடிக்கிற எல்லாருக்கும் இது தெரிந்த கதை. உங்கள் மகனுடைய கணக்கை ஒருவரும் குறைக்கவில்லை. அதிலிருந்தே அவன் விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஆட்டம் தெரிந்தால் தப்பலாம் என்றால் ஐவன் டோனி தப்பியிருக்க வேண்டும். பிரென்ட்ஃபோர்ட்டுக்கு ஆடிக்கொண்டிருந்த இங்கிலாந்து முன்கள வீரர். பந்தய விதிகளை மீறிய 232 குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டார். 2023 மே மாதம் எட்டு மாதத் தடையும் 50,000 பவுண்ஸ் தண்டமும் விழுந்தது. அவருக்குச் சூதாட்ட அடிமைநோய் இருப்பதை மனநல வைத்தியர் உறுதிசெய்ததால்தான் தடைக்காலம் அந்தளவோடு நின்றது. அதே வருடம் ஒக்ரோபரில் நியூகாசில் வீரர் சான்ட்ரோ டொனாலிக்குப் பத்து மாதத் தடை. ஏசி மிலானில் இருந்த காலத்தில் போட்ட பந்தயங்களுக்காக. உலகத்தில் அவர்களைவிட ஆட்டம் தெரிந்தவன் யார்?

டோனியைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது. 2014 ஓகஸ்டிலிருந்து இங்கிலாந்தின் மேல்மட்ட வீரர்கள் உலகத்தில் எங்கே நடக்கிற உதைபந்தாட்டத்திலும் ஒரு பென்ஸ்கூடப் பந்தயம் பிடிக்கக் கூடாது. சரியான விதி. ஆனால் அந்த மனிதர் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஓடும்போது நெஞ்சில் இருந்தது ஒரு பந்தயக் கம்பனியின் பெயர். நோயாளியின் கழுத்தில் நோயையே விளம்பரமாகத் தொங்கவிட்டு, பிறகு இருமினாய் என்று தண்டிப்பது என்ன நியாயம்?

ஆகவே கழகங்களைப் பற்றி உங்களுக்கு வந்த கோபத்தை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. அது நியாயமான கோபம். 2002இல் ஃபுல்ஹாம் நெஞ்சில் முதன்முதலாக ஒரு பந்தயக் கம்பனியின் பெயர் வந்தது. 2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் 2007இல் நடைமுறைக்கு வந்து விளம்பரத்துக்குக் கதவைத் திறந்துவிட்டது. இத்தாலி 2018இல் சட்டம் போட்டு இந்த விளம்பரங்களை மூடியது. ஸ்பெயின் 2021–22 பருவத்திலிருந்து ஜேர்சிகளைச் சுத்தம் செய்தது. இங்கே 2023 ஏப்ரலில்தான் கழகங்கள் கூடி, 2025–26 பருவம் முடிவதோடு நெஞ்சிலிருந்து எடுப்பதென்று ஒப்புக்கொண்டன. மூன்று வருட அவகாசம்! அதுவும் நெஞ்சிலிருந்து மட்டும். கைப்பகுதியில் போடலாம், மின்பலகையில் போடலாம். 2019இலிருந்து ரீவியில் நேரடி ஆட்டத்தின்போது இரவு ஒன்பது மணிக்கு முன் பந்தய விளம்பரம் இல்லை. ஆனால் தொண்ணூறு நிமிடமும் கமரா காட்டுவது அந்த மின்பலகையையும் ஜேர்சியையும்தானே. அவற்றில் சீன எழுத்திலும் ஓடுவதைக் கவனித்திருப்பீர்கள். இங்கே ஆட்டம் பார்க்கிறவர்களுக்கு மட்டும் அவை போடப்படவில்லை. ஆசியாவில் நடுச்சாமத்தில் விழித்திருந்து பார்க்கிற பிள்ளைகளுக்கும்தான்.

போன வருடம் பேரனுக்கு ஜேர்சி வாங்க ஒரு கழகக் கடைக்குப் போனேன். சிறுவர் வரிசையில் தொங்கிய ஜேர்சிகளின் நெஞ்சு வெறுமையாக இருந்தது. நிறம் அதே, சின்னம் அதே, நடுவில் மட்டும் ஒன்றுமில்லை. சிறுவர் ஜேர்சியில் பந்தயப் பெயர் போடக் கூடாதென்று பந்தயத் தொழிலின் விதிக்கோவையே சொல்கிறது. பேரனுக்கு 13 வயது, வளர்த்தியான பிள்ளை. சிறுவர் அளவு தோளில் இறுகியது. கடைப் பிள்ளை அன்பாக, "பெரியவர்களின் ஸ்மோல் சரியாக இருக்கும்" என்று எடுத்துத் தந்தது. அதன் நெஞ்சில் பெயர் இருந்தது. இரண்டு ஜேர்சியையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். இந்தப் பெயர் பிள்ளைக்கு ஆகாது என்று செய்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது. பேரன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். இறுகினாலும் பரவாயில்லை என்று சிறுவர் அளவையே வாங்கிக்கொண்டு வந்தோம்.

உங்கள் மகனும் அந்த வெறும் நெஞ்சு ஜேர்சியில்தான் தொடங்கியிருப்பான். அதனால் மைதானத்தை விடச் சொல்லமாட்டேன். அந்த ஆட்டத்தை உங்களுக்குத் தந்தது எந்தக் கம்பனியும் இல்லை, உங்கள் ஊர்க் கோயிலடி. அதை இவர்களுக்கு ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? போங்கள், ஆனால் கழகத்துக்குக் கடிதம் எழுதுங்கள், ரசிகர் சங்கக் கூட்டத்தில் எழும்பிக் கேளுங்கள். சூதால் பிள்ளைகளை இழந்த பிரித்தானியக் குடும்பங்கள் தொடங்கிய 'காம்ப்ளிங் வித் லைவ்ஸ்' என்ற அமைப்பின் ஆதரவோடு, சூதிலிருந்து மீண்டவர்கள் இந்த விளம்பரங்களை எதிர்த்து மைதானத்துக்கு மைதானம் நடந்துபோகிறார்கள். அவர்களோடு ஒரு நாள் நடந்து பாருங்கள்.

இனி உங்கள் பக்கம். சனிக்கிழமை இரண்டு பவுண்ஸை நிறுத்துங்கள். இரண்டு பவுண்ஸில் உங்கள் வீடு மூழ்காது, எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் போட்டுக்கொண்டே அவனைப் போடாதே என்றால் அவன் காதில் விழாது. முதல் பந்தயத்தைப் போட்டுக் கொடுத்தது நீங்கள் என்பதை அவனிடமே சொல்லுங்கள். "நான் செய்தது பிழை, நானும் விட்டுவிட்டேன்" என்று. தகப்பன் மகனிடம் அப்படிச் சொல்வது எங்கள் வீடுகளில் வழக்கமில்லை. அதனால்தான் அதற்குப் பெறுமதி.

கடனை நீங்கள் கட்ட வேண்டாம். குறைந்தபட்சம் இப்போது வேண்டாம், அவன் கையில் காசாக ஒருபோதும் வேண்டாம். அந்தக் காசு, விட்டதைப் பிடிக்கிறேன் என்று அதே இடத்துக்குத்தான் போகும். சாப்பாட்டையும் வாடகையையும் நீங்கள் நேரடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு யாரிடம் எவ்வளவு வாங்கியிருக்கிறான் என்று ஒளிக்காமல் எழுதச் சொல்லுங்கள். 'ஸ்டெப்சேஞ்' என்ற அறக்கட்டளை கடனை ஒழுங்குபடுத்த இலவசமாக உதவும்.

அவனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு; அவனுக்காக நீங்கள் செய்ய முடியாது. 'காம்ஸ்டொப்' என்ற இலவசப் பதிவு. ஆறு மாதம், ஒரு வருடம், ஐந்து வருடம் என்று காலத்தைத் தெரிவுசெய்து பதிந்தால், பிரித்தானிய அனுமதி பெற்ற எந்த ஒன்லைன் பந்தயத் தளமும் அவனைச் சேர்க்க முடியாது. இடையில் மனம் மாறினாலும் திறக்காது. ஐந்து வருடம் போடச் சொல்லுங்கள். கூடவே வங்கிச் செயலியில் சூதாட்டக் கொடுப்பனவுகளைத் தடுக்கும் வசதியை இயக்கச் செய்யுங்கள். அனுமதி இல்லாத வெளிநாட்டுத் தளங்கள் இப்படிப் பதிந்தவர்களைத் தேடித்தேடி வலை வீசும். அதையும் முன்கூட்டியே அவனிடம் சொல்லிவையுங்கள்.

சூதால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் 'காம்கெயார்' அமைப்பு நடத்தும் உதவி இலக்கம் 0808 8020 133. இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், கட்டணமில்லை, தகப்பன் தாயும் எடுக்கலாம். இங்கிலாந்து முழுவதும் தேசிய சுகாதார சேவையின் சூதாட்டச் சிகிச்சை நிலையங்கள் இருக்கின்றன. குடும்ப வைத்தியரின் கடிதம் இல்லாமலே தொடர்புகொள்ளலாம். இதை நோய் என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். காசு போனதைவிட, போனதை ஒருவருக்கும் சொல்ல முடியாமல் இருப்பதுதான் இளம் பிள்ளைகளை உடைக்கிறது. அவன் நித்திரை கொள்கிறானா, கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறானா, வாழ்ந்து என்ன என்பது போல ஏதும் கதைக்கிறானா என்று கவனியுங்கள். அப்படி ஒரு சொல் வந்தால் அவனைத் தனியே விடாதீர்கள். மனம் உடைந்தவர்களோடு பேசும் 'சமாரிட்டன்ஸ்' அமைப்பின் இலக்கம் 116 123. உடனடி ஆபத்து என்றால் அவசர இலக்கம் 999.

மீளலாம், தம்பி. தடை முடிந்து வந்த டோனி 2024 யூரோ கிண்ணக் காலிறுதியில் சுவிற்சர்லாந்துக்கு எதிராகப் பந்தையே பார்க்காமல் பெனால்டி அடித்ததை நீங்களும் மகனும் சேர்ந்துதான் பார்த்திருப்பீர்கள். டொனாலி சிகிச்சை பெற்றுத் திரும்பி வந்தார்; 2025 மார்ச்சில் வெம்ப்ளியில் லிவர்பூலை வென்று, 70 வருடத்துக்குப் பிறகு நியூகாசில் ஒரு உள்நாட்டுக் கிண்ணத்தைத் தூக்கியபோது அவரும் அந்த அணியில் ஆடினார். மகனுக்கு டோனியின் 232ஐச் சொல்லும் அன்றே இதையும் சொல்லுங்கள்.

கடைசியாக உங்கள் வீட்டுக்காரி. "மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை" என்று ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். மகன் உங்களிடம் ஒளித்ததைத்தான் நீங்கள் இப்போது அவரிடம் ஒளிக்கிறீர்கள். கடிதத்தில் பெயர் இல்லாவிட்டாலும், 18ஆவது பிறந்தநாளும் கோயிலடி மைதானமும் அவருக்குத் தெரியாதா? இந்த இதழ் வெள்ளிக்கிழமை கடைக்கு வரும். வியாழன் இரவுக்குள் அவரோடு இருந்து கதையுங்கள்.