நான் ஒன்று நினைத்தேன், அவளுக்கு வேறொன்று கேட்டது

கேள்வி: பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு மேலே படிக்கப் போவதாக என் மகள் கைபேசியில் நீளமாக எழுதியிருந்தாள். ‘உன் இஷ்டம்.’ என்று பதில் அனுப்பினேன். அவளுக்குப் பிடித்ததைச் செய்யட்டும் என்ற நல்லெண்ணம்தான். அவளோ எனக்குக் கோபம் என்று முடிவுகட்டிப் பேச்சையே குறைத்துக்கொண்டாள். அகராதிப்படி என் சொல்லில் ஒரு தவறும் இல்லை. சொல்லின் பொருளைத் தீர்மானிப்பது யார், சொன்னவரா கேட்டவரா? மொழி இவ்வளவு நம்ப முடியாததா?

பதில்: இரண்டு பேரும் இல்லை. அகராதியும் இல்லை, பாவம், அது மற்றவர்கள் பேசியதைக் குறித்து வைத்துக்கொள்ளும் குமாஸ்தா. நீங்கள் அதை நீதிபதியாக்கப் பார்க்கிறீர்கள்.

‘மரம்’ என்ற ஒலிக்கும் வெளியே நிற்கும் மரத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’ என்கிறது தொல்காப்பியம். இந்தச் சொல்லுக்கு ஏன் இந்தப் பொருள் என்று கேட்டால் காரணம் பளிச்சென்று தெரியாது. சுவிட்சர்லாந்து மொழியியலாளர் சசூர் நடத்திய பாடங்கள் அவர் இறந்த பிறகு 1916-இல் நூலாக வந்தன. சொல்லுக்கும் பொருளுக்கும் இயற்கையான பிணைப்பு கிடையாது, பேசுகிறவர்களின் உடன்பாடுதான் இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிறது என்று அதில் இன்னும் அழுத்தமாகச் சொல்லியிருக்கிறார். (காரணமே இல்லை என்று தொல்காப்பியர் அடித்துச் சொல்லவில்லை. தெளிவாகத் தெரியாது என்பதோடு நிறுத்திக்கொண்டார். எனக்கு அந்த நிதானம் பிடிக்கும்.)

உடன்பாடு என்றால் யாரும் கூடி உட்கார்ந்து கையெழுத்துப் போட்டதல்ல. அது எப்படி உருவாகிறது என்பதைக் கண்ணெதிரே பார்க்கும் அபூர்வ வாய்ப்பு மத்திய அமெரிக்க நாடான நிகராகுவாவில் கிடைத்தது. 1970-களின் பிற்பகுதியில் தலைநகர் மனாகுவாவில் காது கேளாத பிள்ளைகள் முதன்முறையாகப் பெரிய எண்ணிக்கையில் ஒரே பள்ளியில் சேர்ந்தார்கள். அதுவரை ஒவ்வொரு பிள்ளையும் வீட்டு மனிதர்களிடம் சில சைகைகளை வைத்துச் சமாளித்து வந்தது. ஆசிரியர்கள் உதட்டசைவைக் காட்டி ஸ்பானிய மொழி கற்றுத்தரப் பார்த்தார்கள். பெரிதாகப் பலிக்கவில்லை. ஆனால் விளையாட்டுத் திடலிலும் பள்ளிப் பேருந்திலும் பிள்ளைகள் தங்கள் சைகைகளை ஒருவருக்கொருவர் காட்டி, கலந்து, பொதுவாக்கிக்கொண்டார்கள். பின்னால் வந்து சேர்ந்த சின்னப் பிள்ளைகள் அதை இலக்கணம் உள்ள முழு மொழியாகவே ஆக்கிவிட்டார்கள். யாரும் கற்றுக்கொடுக்காமல் பிறந்த அந்த மொழியை மொழியியலாளர்கள் இன்றும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

வீட்டில் தனியாக இருந்தபோதும் அந்தப் பிள்ளைக்குச் சொல்ல விஷயம் இருந்தது, சொல்லக் கையும் இருந்தது. முழு மொழி உருவாகக் கூட்டம் தேவைப்பட்டது. அதனால்தான் ‘மனசில் நல்லதைத்தான் நினைத்தேன்’ என்ற உங்கள் வாதம் பாதி தூரம்தான் போகும். நினைப்பு உங்களுடையது. சொல் எல்லாருக்கும் பொது.

சரி, அந்த எல்லாரும் ‘உன் இஷ்டம்’ என்பதை எப்போது சொல்கிறோம்? ‘ஜன்னல் ஓரம் உட்காரட்டுமா?’ என்று கேட்பவரிடம் சொன்னால் அனுமதி. வாழ்க்கையை மாற்றும் முடிவைப் பக்கம் பக்கமாக எழுதியவரிடம் அந்த இரண்டு சொல்லை மட்டும் சொன்னால், கைகழுவுவது. நேரடியாகத் தெரிவது, குறிப்பாகத் தோன்றுவது எனப் பொருள் இரண்டு வகையில் நிற்கும் என்று தொல்காப்பியமே பிரித்துக் காட்டியிருக்கிறது. உங்கள் மகள் படித்தது இரண்டாவதை.

குறிப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை பால் கிரைஸ் என்ற தத்துவ அறிஞர் 1967-இல் ஹார்வர்டு சொற்பொழிவுகளில் அலசினார். அவர் தந்த உதாரணம் ஒன்று: தத்துவம் கற்பிக்கும் வேலைக்கு மாணவர் ஒருவர் விண்ணப்பிக்கிறார். பேராசிரியர் தரும் பரிந்துரைக் கடிதத்தில் அவருடைய ஆங்கிலம் நன்றாக இருக்கும், வகுப்புக்கு ஒழுங்காக வருவார் என்று மட்டும் இருக்கிறது. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனாலும் படிப்பவருக்குப் புரிந்துவிடும், பையனுக்குத் தத்துவம் வராது என்று. சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லாமல் விட்டதே சொன்னதாகிவிடுகிறது. என்ன படிப்பு, எங்கே, எத்தனை வருஷம், பணத்துக்கு என்ன வழி என்று ஒரு அப்பா கேட்கக்கூடிய எதையும் நீங்கள் கேட்கவில்லை.

அப்புறம், அந்த முற்றுப்புள்ளி. சிரிக்காதீர்கள். குறுஞ்செய்தியில் வரும் ஒற்றைச் சொல் பதிலுக்கு முற்றுப்புள்ளி வைத்தால் படிப்பவர்களுக்கு அதில் உண்மையான ஈடுபாடு குறைவாகத் தெரிகிறது என்று அமெரிக்காவின் பிங்காம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் கண்டறிந்தார்கள். அதே பதில் கையால் எழுதிய சீட்டில் இருந்தபோது அந்த வித்தியாசம் இல்லை. குரலும் முகமும் இல்லாத இடத்தில், இளையவர்கள் புள்ளியில்கூடத் தொனியைத் தேடுகிறார்கள். நம் தலைமுறைக்குப் புள்ளி வாக்கியத்தை முடிப்பதற்கு மட்டும்.

மகள் பக்கமும் தவறு இருக்கிறது. ‘அப்பா, கோபமா?’ என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். அதனால் மொழியை நம்ப முடியாது என்று ஆகிவிடாது. உங்கள் பதிலில் இருந்த இடைவெளியை அவள் மிகத் துல்லியமாகப் படித்துவிட்டாள், அதை எதைக்கொண்டு நிரப்புவது என்பதில்தான் தடுமாறினாள். அந்த வேலையை அவளிடம் விட்டது நீங்கள்.

இனி செய்தி அனுப்ப வேண்டாம், கூப்பிட்டுப் பேசுங்கள். மேலே சொன்ன கேள்விகளில் இரண்டையாவது கேளுங்கள், சம்மதம் என்பதை வாய் திறந்து சொல்லுங்கள். ‘நீ தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் மன்னித்துக்கொள்’ என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அந்த வாக்கியத்திலும் சொல் அளவில் குற்றம் இருக்காது. ஆனால் மன்னிப்பு உங்களுடையது, தப்பு அவளுடையது என்றுதான் அவள் காதில் விழும்.