துவட்டாத இடத்தில்தான் தொல்லை

சித்திரை பிறந்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். மார்கழியில் பித்தவெடிப்பைப் பற்றியும் பொடுகைப் பற்றியும் கேட்டவர்கள் இப்போது அக்குளுக்கும் தொடை இடுக்குக்கும் வந்துவிடுவார்கள். பெண்கள் தங்கள் தொல்லையைத் தங்கள் தொல்லை என்றே எழுதுகிறார்கள். ஆண்களில் பாதிப் பேர் "என் நண்பர் ஒருவருக்கு" என்றுதான் தொடங்குகிறார்கள். தோல் மருத்துவராக இத்தனை ஆண்டுகளில் அந்த நண்பரை நான் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. அவருக்கும் சேர்த்தே இந்தப் பதில்கள்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போனேன். இரண்டாம் நாளே தொடை இரண்டும் உரசிப் புண்ணாகி, மீதி வழியெல்லாம் காலை அகட்டி அகட்டி நடந்தேன். அடுத்த முறை இதைத் தவிர்க்க வழி உண்டா? – காரைக்குடி வாசகர்

உண்டு. முதலில், அது ஏன் வந்தது என்று பார்த்துவிடுவோம். குளித்த ஈரத்தோடு கால்சட்டை போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? துணி வழுக்கிக்கொண்டு ஏறாது, முழங்காலிலேயே பிடித்துக்கொள்ளும். காய்ந்த தோல் தோல்மேல் நழுவும், ஈரத் தோல் பற்றி இழுக்கும். நீங்கள் நடந்த ஒவ்வோர் அடிக்கும் இந்த இழுப்பு நடந்திருக்கிறது. போதாக்குறைக்கு, வியர்வை காய்ந்த இடத்தில் உப்பு படிந்து உப்புத்தாள் வேலையைச் செய்திருக்கும். கஞ்சி விறைப்பு போகாத புது வேட்டியைக் கட்டிக்கொண்டு போயிருந்தால் கேட்கவே வேண்டாம்.

அடுத்த முறை வேட்டியை இரண்டு தடவையாவது அலசி, விறைப்பு போன பிறகு கட்டுங்கள். அதற்குள்ளே பாதித்தொடை வரை இறங்கி, உடம்போடு ஒட்டி நிற்கும் நீளமான உள்ளாடை அணியுங்கள். அப்போது தோலும் தோலும் சந்திக்கவே வாய்ப்பில்லை. கிளம்பும் முன் தொடையின் உட்புறத்தில் பெட்ரோலியம் ஜெல்லியைத் தாராளமாகப் பூசுங்கள். தங்கி இளைப்பாறும் இடங்களில் பழையதைத் துடைத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். தேங்காய் எண்ணெய் பரவாயில்லை. ஆனால் தோலுக்குள் சீக்கிரம் இறங்கிவிடும், நெடுவழிக்குத் தாங்காது.

ஒரு விஷயத்தில் நம் ஊர் நம்பிக்கைக்கு மாறாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் பருத்திதான் நல்லது. மணிக்கணக்கில் நடப்பவருக்கும் ஓடுபவருக்கும் அப்படியல்ல. பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே உட்கார்ந்திருக்கும். விளையாட்டு வீரர்கள் அணியும், சீக்கிரம் உலரும் செயற்கை இழை உள்ளாடையே அங்கே உதவும்.

புண்ணான பிறகு வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றி எடுத்து, துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்பைப் பூசினால் போதும். பவுடர் வேண்டாம், கிருமிநாசினித் திரவமும் வேண்டாம். அந்தத் திரவத்தில் தண்ணீர் கலக்காமலே பஞ்சை நனைத்துத் தொடை இடுக்கில் ஒற்றிக்கொண்ட ஒருவர் என்னிடம் வந்தபோது, உரசல் புண் ஆறியிருந்தது. திரவம் சுட்ட புண்தான் ஆறவில்லை.

உணவு விநியோகம் செய்கிறேன், நாள் முழுவதும் வண்டியில்தான். இடுப்பிலும் தொடை இடுக்கிலும் வட்ட வட்டமாக அரிக்கிறது. மருந்துக்கடையில் கொடுத்த களிம்பைப் போட்டால் இரண்டே நாளில் அடங்குகிறது. நிறுத்தினால் முன்பைவிடப் பெரிதாக வருகிறது. எட்டு மாதமாக இதே கதை. – மாதவரம் வாசகர்

இந்தக் கடிதத்துக்குத்தான் அதிக இடம் தரப்போகிறேன். உங்களைப் போல் எழுதியவர்கள்தான் இந்த முறை அதிகம்.

உங்களுக்கு இருப்பது பெரும்பாலும் படர்தாமரை. பூஞ்சைத் தொற்று. மாதக்கணக்கில் அதை வளர்த்துக்கொண்டிருப்பது அந்தக் களிம்பாக இருக்கலாம். டியூபின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது பெயர் இருந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. கூடவே ஒரு பூஞ்சைக்கொல்லியும் ஒரு பாக்டீரியாக்கொல்லியும் இருக்கும். ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கும். பூஞ்சையை எதிர்த்துக்கொண்டிருந்த தோலின் காவலையும் சேர்த்தே அடக்கிவிடும். காவல்காரனைத் தூங்கவைத்துவிட்டுத் திருட்டு நின்றுவிட்டது என்று நிம்மதி அடைவதற்குச் சமம் இது. வட்டத்துக்குள் வட்டமாகப் படருவது அந்தக் களிம்பின் கைரேகை. தொடை இடுக்கில் தோல் மெலிந்து, பிரசவத் தழும்பு போல வரி வரியாகக் கோடு விழும். அந்தக் கோடு மறையவே மறையாது.

போன வாரம் ஒருவர் கையில் கொண்டுவந்த பையை என் மேசையில் கவிழ்த்தார். ஒன்பது டியூப்கள். ஒவ்வொன்றையும் பற்பசையை மாதக் கடைசியில் பிதுக்குவதுபோல அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டித் தீர்த்திருந்தார். ஒன்பதிலும் பெயர்கள்தான் வேறு, உள்ளே இருந்தது ஏறக்குறைய ஒரே கலவை.

இதில் நம் நாட்டுக்கென்றே ஒரு தலைவலியும் சேர்ந்திருக்கிறது. டிரைகோபைட்டான் இண்டோட்டினியே என்று ஒரு பூஞ்சைக்கு 2020இல் பெயர் வைத்தார்கள். பெயரிலேயே இந்தியா இருக்கிறது, பெருமைப்பட ஒன்றுமில்லை. படர்தாமரையை வழக்கமாகக் குணமாக்கும் டெர்பினஃபின் மருந்துக்கு இதில் பல வகைகள் மசிவதில்லை. 2023இல் அமெரிக்காவிலும் இதைக் கண்டறிந்து அறிவித்தார்கள். ஸ்டீராய்டுக் கலவைக் களிம்புகளைக் கண்டபடி பூசியது இது இங்கே இப்படிப் பெருகியதற்கு ஒரு காரணம் என்று கருதுகிறோம்.

ஆகவே அந்தக் களிம்பை நிறுத்துங்கள். நிறுத்திய சில நாள் அரிப்பு கூடும். அதற்குப் பயந்து பழைய டியூபை மறுபடி தேடிப் போகாதீர்கள். தோல் மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். மாத்திரை வேண்டுமா, எது, எத்தனை வாரம் என்பதை அவர் முடிவு செய்வார். வெறும் பூஞ்சைக்கொல்லிக் களிம்பு கொடுத்தால், வட்டத்தின் விளிம்பைத் தாண்டி இரண்டு செ.மீ. வரை பூசுங்கள். தோல் சுத்தமாகத் தெரிந்த பிறகும் இரண்டு வாரம் தொடருங்கள். நம் ஆட்கள் கோட்டை விடுவது இந்த இரண்டு வாரத்தில்தான்.

வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் அவர்களுக்கும் சேர்த்துச் சிகிச்சை எடுக்க வேண்டும். துண்டும் சோப்பும் தனித்தனியாக இருக்கட்டும். உள்ளாடையைக் குளியலறைக் கொக்கியிலோ கதவின் பின்புறமோ காயப்போடாமல், உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி வெயிலில் போடுங்கள். அடைமழை நாளில் தையல் மடிப்புகளின் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்தித் தேயுங்கள். வண்டிப்பெட்டியில் மாற்று உள்ளாடை ஒன்றையும் சிறிய துண்டு ஒன்றையும் வைத்துக்கொண்டு, மதியம் மாற்றிவிடுங்கள். இருபது ரூபாய் டியூபைவிட இந்த மாற்று உடை பெரிய மருந்து.

என் கணவருக்கும் இடுப்பைச் சுற்றி இதே அரிப்பு. அரைஞாண் கயிற்றைக் கழற்றச் சொன்னால் மாமியார் விடமாட்டேன் என்கிறார். – திருமங்கலம் வாசகி

மாமியாரோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தக் கயிற்றை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். குளியல் ஈரமும் வியர்வையும் ஊறி, முடிச்சுப் பக்கம் எப்போதும் சொதசொதவென்று இருக்கும். தோல் ஆறினாலும் கயிற்றில் பூஞ்சை தங்கி மறுபடி ஒட்டும். சிகிச்சை முடியும் வரை கழற்றி வைப்பது நல்லது. கட்டியே தீர வேண்டும் என்றால் பழையதை எறிந்துவிட்டு வெள்ளி அரைஞாணுக்கு மாறுங்கள். கழுவித் துடைத்துவிடலாம். பெரியவர்கள் இதற்கு மறுப்பு சொன்னதாக எனக்கு நினைவில்லை, வெள்ளி விலையைத் தவிர.

கல்லூரி மாணவன். தினமும் இரண்டு முறை குளிக்கிறேன், வாசனை ஸ்பிரே அடிக்கிறேன். மதியத்துக்குள் அக்குள் நாறுகிறது. – கோவை வாசகர்

வியர்வைக்கு என்று தனியே நாற்றம் கிடையாது. அக்குளிலும் தொடை இடுக்கிலும் உள்ள ஒருவகைச் சுரப்பிகள் பருவ வயதில்தான் விழித்துக்கொள்கின்றன. அவை சுரக்கும் கொழுப்பு கலந்த நீரைத் தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் உடைக்கும்போதுதான் வாடை கிளம்புகிறது. அதன் மேல் ஸ்பிரே அடிப்பது ஊசிப்போன சாம்பாரில் கொத்தமல்லி தூவுவது போன்றது.

கடையில் டியோடரண்ட் என்றும் ஆன்டிபெர்ஸ்பிரன்ட் என்றும் இரண்டு உண்டு. முன்னது வாடையை மட்டும் கவனிக்கும். பின்னதில் உள்ள அலுமினிய உப்பு வியர்வை வாய்களைத் தற்காலிகமாக அடைக்கும். உங்களுக்கு வேண்டியது பின்னது. அதையும் எல்லோரும் காலையில் குளித்த ஈரத்தோடு பூசுகிறார்கள். இரவில், வியர்வை அடங்கிய நேரத்தில், நன்றாகக் காய்ந்த அக்குளில் பூசிவிட்டுப் படுங்கள். காலையில் குளித்தாலும் பலன் போகாது. தாத்தாக்கள் தேய்த்துக்கொண்ட படிகாரக் கட்டியும் ஓர் அலுமினிய உப்புதான், அவர்கள் ஏமாளிகள் அல்லர். மழித்த உடனே மட்டும் பூச வேண்டாம், எரியும்.

சட்டையையும் முகர்ந்து பாருங்கள். பாலியஸ்டர் துணி துவைத்த பிறகும் வாடையைப் பிடித்து வைத்திருக்கும். சில சமயம் குற்றவாளி நீங்கள் அல்ல, சட்டை.

பவுடர் போடலாமா? வேர்க்குரு தாங்கவில்லை. – வேலூர் வாசகர்

காய்ந்த தோலில் மெல்லிசாகப் போடலாம். ஈரத்தில் போட்டால் மடிப்புகளில் பிசைந்த மாவாகத் திரண்டு அதுவே உரசும். முகத்துக்கு நேரே புகைபோலத் தட்டி மூச்சில் இழுக்காதீர்கள். 2024இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டால்க்கைப் புற்றுநோயைத் தூண்ட வாய்ப்புள்ள பொருள்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. வேர்க்குரு என்பது வியர்வைக் குழாயின் வாய் அடைபடுவது. காற்றோட்டமும் குளிர்ந்த நீரும்தான் அதற்கு மருந்து. நுங்குத் தண்ணீர் தடவலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். தடவுங்கள், குளிர்ச்சியாக இருக்கும். நுங்கை மட்டும் சாப்பிட்டுவிடுங்கள்.

அந்தரங்க முடியை முழுக்க மழிப்பதுதான் சுத்தமா? – பெயர் வேண்டாம்

இல்லை. மழித்தால் சிறு வெட்டு, உள்நோக்கி வளரும் முடி, சீழ்க்கொப்புளம் எல்லாம் வரலாம். முடி இருப்பதே உரசலைக் குறைக்கத்தான் உதவுகிறது. கத்தரித்துக் குட்டையாக வைத்தால் போதும்.

வயது 54. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஆணுறுப்பின் முன்தோலில் வெடிப்பும் எரிச்சலும் வருகின்றன. தவறான வழியில் போனதில்லை, மனைவியிடம் சொல்லவே கூசுகிறது. – தஞ்சாவூர் வாசகர்

கூச வேண்டாம் ஐயா. சர்க்கரை நோயாளிகளுக்கு இது மிகச் சாதாரணமாக வரும் கேண்டிடா பூஞ்சைத் தொல்லையாகவே பெரும்பாலும் இருக்கும். சர்க்கரை நோயே இப்படித்தான் முதன்முதலில் தெரியவந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். மாத்திரைச் சீட்டை எடுத்து, பெயர் 'கிளிஃப்ளோசின்' என்று முடிகிறதா என்று பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மருந்துகள் மிகுதிச் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகின்றன. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்துகள்தான். ஆனால் முன்தோலுக்கு அடியில் சர்க்கரைத் தண்ணீர் தங்கினால் பூஞ்சைக்கு விருந்து. நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒவ்வொரு முறை சிறுநீர் கழித்த பிறகும் கழுவி ஒற்றிவிடுங்கள். குளிக்கும்போது முன்தோலை வலிக்காத அளவுக்குப் பின்னுக்குத் தள்ளி வெறும் நீரில் கழுவி, துவட்டி, மறக்காமல் முன்னுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பின்னாலேயே விட்டுவிட்டால் இறுகி வீங்கி, நள்ளிரவில் அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டியிருக்கும். சோப்பு அங்கே வேண்டாம். மனைவியிடம் சொல்லிவிடுங்கள், அவருக்கும் அரிப்பு இருந்தால் சேர்த்தே பார்க்க வேண்டும். பேரன் இருந்தால் ஒரு வார்த்தை: சிறு பையன்களுக்கு முன்தோலை வலிந்து பின்னுக்கு இழுக்கவே கூடாது.

காவலாளி வேலை, பன்னிரண்டு மணி நேரம் ஷூ. கால் விரல் இடுக்கு வெளுத்து ஊறி நாறுகிறது. – அம்பத்தூர் வாசகர்

சேற்றுப்புண். சுண்டுவிரலுக்கும் அதன் பக்கத்து விரலுக்கும் நடுவில்தான் முதலில் வரும். நாம் துவட்டாமல் விடும் இடமும் அதுவே. இரண்டு ஜோடி ஷூ வைத்துக்கொண்டு ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுங்கள், ஒரே இரவில் ஷூ காயாது. தோல் வெடித்தால் உடனே காட்டுங்கள், அந்த வெடிப்பு வழியே கிருமி ஏறிக் காலே வீங்கும். உடுத்தும்போது முதலில் சாக்ஸ், பிறகு ஜட்டி. சிரிக்காதீர்கள். ஜட்டியைக் கால் வழியாக ஏற்றும்போது விரலிடுக்குப் பூஞ்சை தொடை இடுக்குக்கு இலவசமாகப் பயணம் போகிறது.

மின்விசிறி ஓடியும் இரவில் பனியனைப் பிழியும் அளவுக்கு வியர்க்கிறது. – நெய்வேலி வாசகர்

இது களிம்பு விஷயம் அல்ல. எடை குறைவு, மாலைக் காய்ச்சல், இருமல் இருந்தால் காசநோய்க்கும், இல்லாவிட்டாலும் தைராய்டுக்கும் சர்க்கரைக்கும் பரிசோதனை செய்யுங்கள். நெஞ்சு இறுக்கத்தோடு திடீரென்று குளிர்ந்து வியர்த்தால் எனக்குக் கடிதம் எழுதாமல் 108ஐ அழையுங்கள்.

இரவில் லுங்கிக்கு உள்ளே ஒன்றும் அணியாமல் தூங்கலாமா? என் நண்பர் கேட்கச் சொன்னார். – திருச்சி வாசகர்

தாராளமாக. பகலெல்லாம் மூடிக் கிடந்த இடத்துக்குக் காற்றுப் படட்டும். மொட்டை மாடியில் படுப்பவராக இருந்தால், நண்பரிடம் போர்வை ஒன்றையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.