பனையில் வைரம் எங்கே?

(வாசகர்களுக்குப் பதில் சொல்பவர் கொழிஞ்சாம்பாறைக்காரர். வளைகுடாவில் 22 வருடம் இரும்புக் கட்டட வேலை பார்த்து ஊர் திரும்பிய ஃபோர்மேன்.)

கஞ்சிக்கோட்டில் ஒரு ரோலிங் மில்லில் லோடு ஏற்றுகிறேன். புர்ஜ் கலீஃபா முழுக்க இரும்பு என்கிறான் என் மகன். நாங்கள் அனுப்பும் முறுக்குக் கம்பியில் அத்தனை உயரம் எழும்புமா, அண்ணா?
– வாசகர், கஞ்சிக்கோடு

மகன் சொன்னது பாதி சரி, தம்பி. 828 மீட்டரில் ஏறக்குறைய 585 மீட்டர் வரை காங்கிரீட்தான், உள்ளே கம்பி. அதற்கு மேலேதான் இரும்புச் சட்டம். உச்சிக் கூம்பில் மட்டும் 4,000 டன் இரும்பு இருக்கிறது. அதைக் கட்டடத்துக்கு உள்ளேயே துண்டு துண்டாகச் சேர்த்து, ஹைட்ராலிக் ஜாக்கி வைத்துக் கீழிருந்து மேலே தள்ளினார்கள். குழலில் இருந்து புட்டைத் தள்ளுவோமே, அதே மாதிரி.

உங்கள் கம்பியைக் குறைவாக நினைக்காதீர்கள். அதில் 500 என்று தரம் போட்டிருக்கும். அந்தத் தரத்தில் 12 எம்.எம். கம்பி ஒன்று ஐந்தரை டன் இழுவைக்கு அசையாது. ஒரு கொம்பன் யானையையே தொங்கவிடலாம்.

இழுவை என்று சொன்னேன் பாருங்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது. வெறும் பாரத்தைத் தாங்கச் செங்கல்லே போதும். சிகாகோவில் 1891இல் மொனாட்நாக் என்ற 16 மாடிக் கட்டடத்தைச் சுவர் மேலேயே நிறுத்தினார்கள். ஆனால் அடியில் சுவர் ஆறடி தடிமன். கடை போட இடம் வேண்டாமா? அதைவிடப் பெரிய தொல்லை காற்று. மார்கழி, தையில் நம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆளையே தள்ளும். கஞ்சிக்கோட்டில் காற்றாலையைச் சும்மாவா நட்டார்கள்? அந்தக் காற்றில் பனை சாயும்போது, காற்று அடிக்கிற பக்கம் இழுபடும், எதிர்ப்பக்கம் நசுங்கும். உயரக் கட்டடத்துக்கும் இதே கதிதான். காங்கிரீட் நசுக்கலைத் தாங்கும், இழுத்தால் விரிசல் விட்டுவிடும். இரும்பு இரண்டையும் தாங்கும்.

பனையை அறுத்துப் பார்த்திருப்பீர்கள். வைரம் ஓரத்தில் இருக்கும், நடுவில் வெறும் சோறு. டாக்காவில் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான் என்ற பொறியாளர் கட்டடத்தில் செய்ததும் அதுதான். உள்ளே பரவலாக நின்ற பில்லர்களை வெளிச்சுற்றில் நெருக்கமாக நிறுத்திக் கட்டடத்தையே ஒரு குழாய் ஆக்கினார். சிகாகோ சியர்ஸ் கோபுரம் (இப்போது வில்லிஸ் கோபுரம் என்று பெயர்) அப்படிப்பட்ட ஒன்பது குழாய்களைச் சேர்த்துக் கட்டிய கட்டு. கணக்கைப் பாருங்கள்: 1931இல் முடிந்த எம்பயர் ஸ்டேட், 102 மாடி, சதுர அடிக்கு சுமார் 19 கிலோ இரும்பு. சியர்ஸ் 110 மாடி, இன்னும் உயரம், ஆனால் 15 கிலோதான். நம் ஊர் மேஸ்திரி சாதாரண வீட்டுக்கே சதுர அடிக்கு 4 கிலோ கம்பி கேட்கிறார்!

வெயிலில் இரும்பு நீளும் என்று ஐ.டி.ஐ.யில் படித்தேன். வேலை செய்யும்போது அது கண்ணுக்குத் தெரியுமா?
– மாணவி, சித்தூர், பாலக்காடு

கண்ணுக்குத் தெரியாது மகளே, சம்பளத்தில் தெரியும். ஒரு ஆகஸ்ட் மாதம், 12 மீட்டர் உத்தரம் ஒன்று காலையிலிருந்து மணலில் கிடந்தது. கை வைத்தால் தோல் உரியும் சூடு. மதியம் கிரேனில் ஏற்றினால் இரண்டு பில்லருக்கு நடுவே நுழையவே இல்லை. அளவு தப்பு என்று சூப்பர்வைசர் என் அரை நாள் சம்பளத்தைப் பிடித்தார். ராத்திரி பத்து மணிக்கு அதே உத்தரத்தை மறுபடி தூக்கினோம். சுத்தியல் படாமல் தானாகவே உட்கார்ந்தது. அப்புறம் கணக்குப் போட்டேன்: 40 டிகிரி கூடினால் அந்த நீளத்துக்குக் கிட்டத்தட்ட 6 எம்.எம். நீளும். பிடித்த காசு மட்டும் திரும்பி வரவில்லை.

காங்கிரீட்டும் ஏறக்குறைய அதே அளவுதான் நீளும். இல்லாவிட்டால் கம்பியும் அதுவும் என்றைக்கோ பிரிந்திருக்கும்.

இரும்புக் கட்டடம் தீப்பிடித்தால் உருகிவிடுமா?
– வாசகி, வாளையார்

உருக 1,500 டிகிரி வேண்டும் அம்மா, அறையில் பிடிக்கிற தீ அவ்வளவுக்குப் போகாது. ஆனால் உருகத் தேவையே இல்லை. கொல்லன் பட்டறையில் பழுத்த இரும்பு எப்படி வளைகிறது? 550 டிகிரி வாக்கிலேயே பாதி வலு போய்விடும். அதனால்தான் உத்தரத்தின் மேல் சூடு ஏறாத பூச்சு அடிப்பார்கள், அல்லது ஜிப்சம் பலகையால் மூடுவார்கள். பூச்சு பார்க்கச் சாணி அப்பியது போல இருக்கும். பளபளவென்று ஃபால்ஸ் சீலிங் போட்ட ஆபீஸில் பலகையை நகர்த்திப் பார்த்தால் தெரியும்.