ரேஸ் முடிந்து இறங்கினால் கண் இருட்டுகிறதே, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 43. சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை. பத்து வருடமாக சைக்கிள் ஓட்டுகிறேன். ஞாயிறு காலையில் ஈசிஆரில் 80 கிலோமீட்டர் போய்வருவது எனக்குச் சாதாரணம். ஒரு வருடமாக வீட்டிலேயே ஸ்மார்ட் டிரெயினர் மாட்டி, ஸ்விஃப்ட் செயலியில் வாரம் இரண்டு ரேஸ் ஓட்டுகிறேன். சி பிரிவு, இரவு பதினொன்றரைக்குத் தொடங்கும். போன மாதம் இரண்டு முறை, ரேஸ் முடிந்து இறங்கியதும் தலை சுற்றிக் கண் இருட்டிவிட்டது. தரையில் உட்கார்ந்தேன், ஐந்து நிமிடத்தில் சரியாயிற்று. மனைவிதான் பயந்துவிட்டாள். ரோட்டில் என் இதயத் துடிப்பு 170-ஐத் தாண்டாது, வீட்டில் 184 காட்டுகிறது. 220-இல் வயதைக் கழித்தால் 177தானே? உட்காரும் இடமும் மரத்துப் போகிறது. பிரஷர் ‘பார்டர்’ என்றார்கள், மாத்திரை இல்லை. அப்பாவுக்கு 52 வயதில் ஸ்டென்ட் வைத்தார்கள். என் எடை 81 கிலோ. செயலியில் எடையைக் குறைத்துப் போட்டு ஏமாற்றுகிற ஆள் இல்லை நான். ரேஸ் அன்று மதியத்துக்கு மேல் தண்ணீரைக் குறைத்து, இரவுச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு, எடை மெஷினில் வருவதைத்தான் போடுவேன். 79.5 வரும். ரேஸை விட்டுவிட வேண்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் பயப்படுவது 184 என்ற எண்ணைப் பார்த்து. நான் பயந்தது 79.5-ஐப் பார்த்து. அதற்கு வருகிறேன்.

முதலில், இது தெரியாத வாசகர்களுக்காக. ஸ்விஃப்ட் என்றால் கார் இல்லை. சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் டிரெயினர் என்ற கருவியைப் பொருத்துவார்கள். நீங்கள் மிதிக்கிற மிதி எத்தனை வாட் என்று அது அளந்து செயலிக்குச் சொல்லும். அந்த வாட்டையும் நீங்கள் பதிந்த எடையையும் வைத்துத் திரையில் உங்கள் பொம்மை ஓடும், எடை குறைந்தால் அதே மிதிக்கு வேகம் கூடும். கூடவே ஜப்பான்காரரும் ஜெர்மானியரும் ஓடுவார்கள். ‘வீடியோ கேம் விளையாடித் தலை சுற்றுதா?’ என்று சிரிக்க வேண்டாம். 2020 டிசம்பரில் சைக்கிள் விளையாட்டின் உலக அமைப்பான யுசிஐ, இதற்கென்றே முதல் உலகச் சாம்பியன் போட்டியை நடத்தியது. ஆண்களில் ஜெயித்தவர் ஜேசன் ஆஸ்போர்ன் என்ற ஜெர்மானியர். துடுப்புப் படகு வீரர், அடுத்த வருடமே டோக்கியோ ஒலிம்பிக்கில் படகில் வெள்ளி வாங்கினார். திரையில் ஓடுவது பொம்மைதான். மிதிக்கிற காலும் அடித்துக்கொள்கிற இதயமும் நிஜம்.

இப்போது உங்கள் விஷயம். மயக்கம் என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, வேகமாக ஓட்டிக்கொண்டிருக்கும்போது வந்ததா, நிறுத்திய பிறகு வந்ததா என்பதுதான். ஓட்டத்தின் நடுவில் வந்தால் இதயத்தைத்தான் முதலில் சந்தேகிப்போம். நிறுத்தி இறங்கியதும் வந்தால் பெரும்பாலும் காரணம் கீழே, காலில் இருக்கிறது. மிதிக்கும்போது கால் தசைகள் ஒவ்வொரு சுற்றிலும் இரத்தத்தைப் பிழிந்து மேலே அனுப்புகின்றன. கால் ஓர் இரண்டாவது பம்பு மாதிரி. கடைசி ஸ்பிரிண்டில் அந்த இரத்தக் குழாய்களெல்லாம் முழுதாக விரிந்திருக்கும். கோட்டைத் தாண்டியதும் நீங்கள் மிதிப்பதை நிறுத்திவிட்டு, எத்தனையாவது இடம் என்று பார்க்கக் கீழே குதிக்கிறீர்கள். பம்பு நின்றுவிட்டது, குழாய் மட்டும் விரிந்தே இருக்கிறது. இரத்தம் காலில் தேங்க, மூளைக்குப் போவது குறைந்து கண் இருட்டுகிறது. தரையில் உட்கார்ந்த பிறகு தெளிந்ததும் அதனால்தான்.

அப்படியானால் ஈசிஆரில் ஏன் இது வருவதில்லை? அங்கே காற்று இருக்கிறது. உடம்பு செலவழிக்கிற சக்தியில் நான்கில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் பெடலுக்குப் போகிறது, மீதியெல்லாம் சூடு. ரேஸில் ஆட்களைப் பிரிப்பது உடல் எடையில் கிலோவுக்கு எத்தனை வாட் என்பதை வைத்துத்தான். சி பிரிவில் கிலோவுக்கு 2.6 வாட் என்று வைத்துக்கொண்டாலும், உங்கள் கணக்கு 210 வாட். கூடவே 600, 700 வாட் சூட்டையும் உடம்பு கக்குகிறது. வீட்டில் இருக்கும் 750 வாட் இஸ்திரிப் பெட்டியை ஒரு மணி நேரம் அணைக்காமல் மூடிய அறையில் வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. ரோட்டில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று அந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு போகும். அறையில் நீங்கள் ஓடுவதில்லை, அதனால் காற்றும் ஓடுவதில்லை.

சில மாதம் முன்பு ஒரு நண்பர் வீட்டில் இதை நேரில் பார்த்தேன். மேலே சீலிங் ஃபேன் சோம்பலாகச் சுற்றுகிறது. ஹேண்டில்பார் மேல் போட்ட துண்டு முழுக்க நனைந்து, அதன் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக ரப்பர் விரிப்பில் விழுந்து சின்னக் குளமே கட்டியிருந்தது. ‘பாருங்க டாக்டர், எவ்வளவு வியர்வை!’ என்று பெருமையாகக் காட்டினார். அந்தக் குளம் அத்தனையும் வீண். தோலிலேயே ஆவியாகிற வியர்வைதான் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். கீழே சொட்டுகிற வியர்வை தண்ணீரையும் உப்பையும் எடுத்துக்கொண்டு, சூட்டை உங்களிடமே விட்டுவிட்டுப் போகிறது. சென்னைப் புழுக்கத்தில் நிறைய அப்படித்தான் சொட்டும்.

184-க்கும் இதுதான் பதில். சூட்டைத் தணிக்க உடம்பு இரத்தத்தைத் தோலுக்குத் திருப்புகிறது. வியர்வையால் இரத்தத்தின் நீரும் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளுகிற அளவு குறைய, அதே 210 வாட்டுக்கு இதயம் அதிகத் தடவை துடிக்க வேண்டியிருக்கிறது. 220-இல் வயதைக் கழிப்பதெல்லாம் கூட்டத்துக்கான சராசரி. தனி ஒருவருக்குப் பத்துப் பன்னிரண்டு முன்னே பின்னே இருப்பது சகஜம். கைக்கடிகாரத்தில் பார்க்கிறீர்களா, நெஞ்சுப் பட்டையிலா என்று எழுதவில்லை. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்து வியர்த்துக் கொட்டுகிற கையில் கடிகாரம் காட்டுவதை நான் அவ்வளவாக நம்பமாட்டேன்.

சரி, 79.5. எடையைப் பொய்யாகப் போடவில்லை என்று மனசாட்சியோடு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் மெஷினைப் பொய் சொல்ல வைக்கிறீர்களே! குறைந்த அந்த ஒன்றரைக் கிலோவில் ஒரு துளி கொழுப்பு கிடையாது. பாதி வயிற்றுச் சாப்பாடு, மீதி தண்ணீர். கடும் பயிற்சி முடிவில்கூட உடல் எடையில் இரண்டு சதவீதத்துக்கு மேல் தண்ணீர் இழக்கக் கூடாது என்போம். உங்களுக்கு அது 1.6 கிலோ. அதில் கிட்டத்தட்டப் பாதியை நீங்கள் தொடக்கக் கோட்டிலேயே செலவழித்துவிட்டு நிற்கிறீர்கள். அப்புறம் ஒரு மணி நேர வியர்வை. இதனால் கிடைக்கும் லாபம் என்ன? 210-ஐ 81-ஆல் வகுத்தால் 2.59, 79.5-ஆல் வகுத்தால் 2.64. இந்த 0.05-க்காகத்தான் நள்ளிரவில் வெறும் வயிற்றோடு, வறண்ட உடம்போடு மிதிக்கிறீர்கள். அதுவும் ஏற்றம் இல்லாத பாதையில் எடைக்கு அவ்வளவு மதிப்பே கிடையாது என்பது என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். வாரத்தில் நாலு நாள் காலையில் எடை பார்த்து, அதன் சராசரியைப் போடுங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டேன் என்பதற்காக ‘இதயத்தில் ஒன்றுமில்லை’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பாவுக்கு 52 வயதில் ஸ்டென்ட் என்ற ஒரு வரி இல்லாமல் இருந்தால் என் பதில் இங்கேயே முடிந்திருக்கும். தெற்காசியர்களான நமக்கு மாரடைப்பு மற்றவர்களைவிடச் சீக்கிரமே வருகிறது. அப்பாவுக்கு 55 வயதுக்குள் வந்திருந்தால் பிள்ளைகளுக்கும் ஆபத்துக் கூடுதல். ஆகவே ஒரு இதய மருத்துவரைப் பாருங்கள். படுத்தும் நின்றும் பிரஷர், இசிஜி, எக்கோ, வெறும் வயிற்றில் கொழுப்பு, மூன்று மாதச் சர்க்கரை, ஹீமோகுளோபின், அவர் தேவை என்றால் டிஎம்டி, அதாவது டிரெட்மில்லில் நடக்க வைத்து எடுக்கிற இசிஜி. டிஎம்டி நன்றாக இருந்தால் ஆயுள் முழுக்க உத்தரவாதம் என்று அர்த்தமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். முடிவுகள் வரும்வரை ரேஸ் வேண்டாம். பேசிக்கொண்டே ஓட்டுகிற வேகத்தில் அரை மணி, முக்கால் மணி ஓட்டிக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியென்று வந்த பிறகு ரேஸுக்குத் திரும்பலாம். பழைய மாதிரி இல்லை. பெடஸ்டல் ஃபேன் ஒன்றை நேர் எதிரே, நெஞ்சுக்குப் படுகிற உயரத்தில், முழு வேகத்தில் வையுங்கள். முடிந்தால் முதுகுக்கு இன்னொன்று. ஏசி இருந்தால் அதையும் போடுங்கள். குளிர்ச்சியோடு புழுக்கத்தையும் குறைக்கும். ஆனால் ஏசி ஃபேனுக்குப் பதில் ஆகாது. ரேஸுக்கு இரண்டரை மணி நேரம் முன்பு மூன்று இட்லியாவது சாப்பிடுங்கள். இந்த ரேஸ்கள் ஆரம்பத்திலேயே விரட்டுகிறவை, அதனால் கால் மணி நேரம் மிதித்துச் சூடேற்றிக்கொண்டு நில்லுங்கள். கோட்டைத் தாண்டிய பிறகு பத்து நிமிடம், லேசான கியரில், கட்டாயம் மிதிக்க வேண்டும். எத்தனையாவது இடம் என்பதை மிதித்துக்கொண்டே பார்க்கலாம். உடனே வெந்நீரில் குளிக்கவும் வேண்டாம், இன்னும் குழாய் விரியும்.

தண்ணீருக்கு ஒரு சின்னக் கணக்கு. ரேஸுக்கு முன்னும் பின்னும் துடைத்துக்கொண்டு எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் போயிருக்கிறது, நடுவில் குடித்ததையும் அதில் சேருங்கள். அடுத்த முறை அதற்கேற்பக் குடியுங்கள். எடை கூடும் அளவுக்கு வெறும் தண்ணீரை மொண்டு குடிப்பது வேறு வகை ஆபத்து, இரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். முடிந்த பிறகு உப்புப் போட்ட நீர்மோரோ, ஒரு பொட்டலத்தை ஒரு லிட்டரில் கரைத்த ஓஆர்எஸ்ஸோ போதும். பிரஷர் பார்டரில் இருப்பதால் இந்த உப்பு ரேஸ் நாளுக்கு மட்டும்.

மரத்துப் போவதைப் பற்றிக் கூச்சப்படாமல் எழுதியது நல்லது. ரோட்டில் சைக்கிள் ஆடுகிறது, பள்ளம் வந்தால் நாமே எழுந்துகொள்கிறோம். டிரெயினரில் இறுகப் பூட்டிய சீட்டில் ஒரே இடத்தில் அழுத்தி உட்காருவதால் நடுப்பகுதி நரம்பும் இரத்தக் குழாயும் நசுங்குகின்றன. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை நிமிடம் எழுந்து மிதியுங்கள். சீட்டின் மூக்கு மேலே தூக்கியிருந்தால் சமமாக்குங்கள். இறங்கிய பிறகும் மணிக்கணக்கில் மரத்திருந்தாலோ, தாம்பத்தியத்தில் விறைப்புக் குறைந்தாலோ, தள்ளிப்போடாமல் யூராலஜி மருத்துவரிடம் போய்விடுங்கள்.

பதினொன்றரை மணி எனக்குப் பிடிக்கவில்லை. ஐரோப்பியர்களின் சாயங்காலம் அது, உங்களுடையது இல்லை. முடிந்து தணிந்து படுக்க ஒன்றரை ஆகும். நடுவில் காஃபின் ஜெல் ஏதாவது எடுத்தால் அதில் பாதி விடிகாலைவரை உடம்பில் இருக்கும். காலை நேரத்தில் ரேஸ் ஏதாவது கிடைக்கிறதா என்று செயலியில் பாருங்கள்.

உங்கள் மனைவிக்கும் இரண்டு வார்த்தை. அம்மா, ரேஸ் நேரத்தில் அறைக் கதவை அவர் உள்ளே தாழ் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடியில் பெடலில் மாட்டிக்கொள்கிற கிளீட் வைத்த ஷூவோடு டைல்ஸில் தடுமாறினால் மயக்கத்தைவிட மண்டைக் காயம் பெரிதாகிவிடும். தலை சுற்றினால் நிற்க வைக்காமல் படுக்க வைத்து, காலை நாற்காலி மேல் தூக்கி வையுங்கள். மிதித்துக்கொண்டிருக்கும்போதே மயங்கினாலோ, நெஞ்சு அழுத்தினாலோ, படுத்தும் தெளியாவிட்டாலோ உடனே 108. ஃபேன், தண்ணீர், பத்து நிமிட மிதி எல்லாம் சரியாகச் செய்தும் மூன்றாவது முறை கண் இருட்டினால், இதய மருத்துவரிடம் ஹோல்டர் பரிசோதனை (நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதிவு செய்வது) கேளுங்கள், டிரெயினரை அதுவரை மூலையில் வையுங்கள்.